சாவோ பாவுலோவில் கால்பந்து பார்க்க, வயிறாரச் சாப்பிட: புதிதாக வருகிறவர்களுக்கு

பிரேசிலின் சாவோ பாவுலோவுக்கு வேலை மாற்றலில் வந்த மூன்றாவது வாரம். காசு கொடுத்து வாங்கிய அசல் டிக்கெட்டோடு ஒரு பெரிய மைதானத்தின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே எழுந்த கோல் ஆரவாரத்தை வெளியிலிருந்து கேட்டேன். என் முகம் அவர்கள் கணினியில் பதிவாகவில்லை, அதனால் கதவு திறக்கவில்லை. உதவி மேசையில் நின்று, போர்த்துகீசியம் தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் எனக்காகப் பேசி, உள்ளே போனபோது இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து கடைசி மெட்ரோவையும் விட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாடு ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை.

அதற்குப் பிறகு இருபது ஆட்டங்களுக்கு மேல் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தெருவில் நின்று சாப்பிட்டும் இருக்கிறேன். நான் பட்டது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலைக்கு வருகிறவர்கள், படிக்க வருகிறவர்கள், பத்து நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து. விலைகளை ரெயாலில் சொல்கிறேன். ஒரு ரெயால் ஏறக்குறைய 16 முதல் 18 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. புறப்படுமுன்: ஊசியும் விசாவும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு வேண்டாம். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிட்ட நம்மவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து இணையவழி விசா கட்டாயம். "போன தடவை விசா இல்லாமல்தானே போனேன்" என்று விமான நிலையம் வரை வந்து திரும்பியவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய பொறி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போகும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடலாம். திரும்பும்போது இந்தியா கேட்கும். பிரேசில் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், எனவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மறந்துபோய் வந்து சேர்ந்தவர்கள் பிரேசில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே கொடுக்கும் சீட்டு மட்டும் போதாது. சர்வதேசச் சான்றிதழைத் தனியே விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

2. சிபிஎஃப் எண்: எதற்கெடுத்தாலும் இதுதான்

நம்மூரில் பான், ஆதார் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையை இங்கே சிபிஎஃப் என்ற 11 இலக்க வரி எண் செய்கிறது. டிக்கெட் இணையதளம் கேட்கும். சிம் கார்டுக்குக் கேட்பார்கள். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கினாலும் "சிபிஎஃப் நா நோட்டா?" என்பார்கள். பில்லில் உங்கள் எண்ணைப் போடட்டுமா என்று அர்த்தம். "நாவுன்" என்றால் போதும், விட்டுவிடுவார்கள். முதல் மாதம் முழுக்க அந்தக் கேள்வி புரியாமல், ஏதோ தள்ளுபடியை இழக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் பயணத்துக்கு இது கட்டாயமில்லை. பெரிய கிளப்புகளின் டிக்கெட் பக்கங்களில் "எஸ்ட்ராஞ்செய்ரு", அதாவது வெளிநாட்டவர், என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் கடவுச்சீட்டு எண் போதும். ஆனால் சில பக்கங்களில் அந்தத் தேர்வு இருக்காது, சிலவற்றில் இருந்தும் வேலை செய்யாது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் சிபிஎஃப் வாங்கிவிடுவதே நிம்மதி. வருமான வரித்துறை அலுவலகத்திலும், வெளிநாட்டில் இருந்தபடி பிரேசில் தூதரகம் வழியாகவும் வாங்கலாம். தபால் நிலையத்தில் விண்ணப்பித்தால் 7 ரெயால் கட்டணம். எனக்கு அன்றே எண் கிடைத்தது.

நம் ஆட்களுக்கு மட்டும் இங்கே ஒரு சிக்கல் உண்டு: பெயர். படிவத்தில் முழுப்பெயரும் தாயின் பெயரும் கேட்பார்கள். 'கே. முருகன்' என்று இனிஷியலோடு எழுதாதீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். என்னுடன் வேலை பார்ப்பவருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. ஒற்றைச் சொல் பெயரை இணையப் படிவம் ஏற்கவே இல்லை. நேரில் போய் உட்கார்ந்துதான் சரிசெய்தார். சிபிஎஃப்பில் ஒரு மாதிரியும் டிக்கெட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

வேலை, படிப்பு விசாவில் வருகிறவர்கள் 90 நாளுக்குள் மத்திய போலீசில் பதிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே தரும் அடையாள அட்டை கைக்கு வந்தபின் மைதானத்துக்குக் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

3. எந்த ஆட்டம், எந்த மைதானம்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மாநிலப் போட்டி, அதாவது பவுலிஸ்டா. தேசிய லீக்கான பிரசிலெய்ராவுன் 2026-இல் ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிட்டது, முன்பெல்லாம் பெரும்பாலும் ஏப்ரலில்தான் தொடங்கும். டிசம்பர் கடைசி வாரங்களில் வந்து இறங்கினால் பந்தைக் கண்ணால் பார்க்க முடியாது.

அட்டவணையில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. முதலில் வெளியாவது உத்தேசப் பட்டியல். எந்தச் சுற்று எந்த வாரம் என்பது மட்டும்தான் அதில் உறுதி. சனியா ஞாயிறா, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்துப் பின்னால்தான் முடிவாகும். உத்தேசப் பட்டியலை நம்பி ஞாயிறு ராத்திரி விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

பெரிய மைதானங்கள் மூன்று. கொரிந்தியான்ஸ் ஆடுவது நகரின் கிழக்குக் கோடியில் இத்தாக்கேராவில். 2014 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த இடம். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி நிறுத்தம், பெயரே கொரிந்தியான்ஸ்-இத்தாக்கேரா. பால்மெய்ராஸ் ஆடும் மைதானம், அலியான்ஸ் பார்க்கே என்று பெயர்பெற்றது, நகரின் மேற்கில் இருக்கிறது. சிவப்புத் தடத்தின் மறுகோடியான பால்மெய்ராஸ்-பார்ரா ஃபுண்டாவில் இறங்கிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். சாவோ பாவுலோ கிளப்பின் மொரும்பிதான் மூன்றிலும் பெரியது. மஞ்சள் தடத்தில் சாவோ பாவுலோ-மொரும்பி நிலையத்தில் இறங்கி 20 நிமிட நடை. மைதானத்தின் பெயரையே விளம்பரத்துக்கு விற்கிற ஊர் இது. நீங்கள் வரும்போது பலகையில் வேறு பெயர் தொங்கலாம். மெட்ரோ நிலையத்தைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

முதல் ஆட்டத்துக்கு இந்த மூன்றையும் நான் சொல்ல மாட்டேன். மோக்கா என்ற பழைய இத்தாலியக் குடியேறிகளின் பேட்டையில் ஜவாரித் தெரு இருக்கிறது. அங்கே ஜுவென்டுஸ் என்ற சின்னக் கிளப்பின் குட்டி மைதானம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எறிபந்து போடுகிறவனின் மூச்சு கேட்கும். டிக்கெட்டும் மலிவு, கூட்டமும் குடும்பக் கூட்டம். இங்கே 1959-இல் போட்ட ஒரு கோலைத்தான் தன் வாழ்நாளின் ஆக அழகான கோல் என்று பெலே சொல்லி வந்தார். அதன் சலனப்படம் எதுவும் இல்லை. பெரிய கிளப்புகளின் பெண்கள் அணி ஆட்டங்களும் இப்படித்தான்: கட்டணம் குறைவு, நெருக்கடி இல்லை, குழந்தைகளோடு போகலாம்.

'கிளாசிக்கு' என்று போட்டிருந்தால் அது கொரிந்தியான்ஸ், பால்மெய்ராஸ், சாவோ பாவுலோ, சாந்தோஸ் நான்கில் இரண்டு மோதும் ஆட்டம். 2016-லிருந்து இந்த மாநிலத்தில் அத்தகைய ஆட்டங்களுக்குச் சொந்த மைதான ரசிகர்களுக்கு மட்டுமே அனுமதி. முதல் அனுபவத்துக்கு அது வேண்டாம்.

4. டிக்கெட்டும் முகப்பதிவும்

நான் கவிழ்ந்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023-இல் வந்த விளையாட்டுச் சட்டப்படி, 20,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானங்களில் முகத்தை அடையாளம் காணும் கருவி வழியாகத்தான் நுழைவு. 2025 ஜூனிலிருந்து இது கட்டாயம். காகித டிக்கெட் இல்லை, கைப்பேசியில் காட்டும் குறியீடும் இல்லை. சுழல்கதவுக்கு முன் நின்று கேமராவைப் பார்க்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கிளப்பின் அதிகாரப்பூர்வ டிக்கெட் பக்கத்தில் கணக்குத் தொடங்குங்கள். அடையாள ஆவணத்தைப் படமெடுத்து ஏற்றுங்கள். பிறகு செல்ஃபி. கண்ணாடியைக் கழற்றுங்கள், தொப்பி வேண்டாம், வெளிச்சம் முகத்தில் நேராக விழட்டும். பதிவு ஏற்கப்பட்டது என்று தகவல் வரும்வரை காத்திருங்கள். சில சமயம் ஐந்து நிமிடம், எனக்கு ஒரு முறை இரண்டு நாள் ஆனது. அதன் பிறகுதான் டிக்கெட் வாங்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்: டிக்கெட்டை வாங்கிவிட்டு, செல்ஃபியை ஆட்டத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு கிளப்பில் பதிந்த முகம் இன்னொரு கிளப்பில் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கும் சேர்த்து வாங்கினால் அவருடைய முகமும் தனியாகப் பதிவாகி, டிக்கெட் அவர் பெயருக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

விற்பனை முதலில் சந்தா கட்டும் ரசிகர்களுக்குத்தான் திறக்கும். மிச்சம்தான் பொதுவுக்கு. பெரிய ஆட்டங்களில் மிச்சமே இருக்காது. சாதாரண ஆட்டத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னால் கிடைத்துவிடும். நான் கொடுத்ததில் குறைந்தது 60 ரெயால், அதிகம் 220. 'மெய்யா' என்று பாதி விலை தெரியும், அதை அழுத்திவிடாதீர்கள். அது இங்கே செல்லும் மாணவர் அட்டைக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் உரியது, நம்மூர்க் கல்லூரி அட்டையைக் காட்டி வாதாட முடியாது. 'இன்டெய்ரா' என்பது முழு விலை. 'விசிட்டான்ச்சி' என்று போட்ட பகுதி எதிரணி ரசிகர்களுக்கானது. மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டால் எதிரிப் படையோடு கம்பிக்கூண்டுக்குள் உட்கார வேண்டியதுதான்.

கோல்கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி ரசிகர் சங்கங்களின் கோட்டை. தப்பட்டை, கொடி, பாட்டு எல்லாம் அங்கேதான். ஆனால் 90 நிமிடமும் நின்றாக வேண்டும், இத்தாக்கேராவில் அந்தப் பக்கம் இருக்கையே கிடையாது. முதல் தடவை பக்கவாட்டுப் பகுதியில் இடம் எடுங்கள். பாட்டு அங்கேயும் நன்றாகவே கேட்கும்.

மைதானத்துக்கு வெளியே காதருகில் வந்து "டிக்கெட் வேணுமா" என்று முணுமுணுப்பவர்களிடம் வாங்கவே வேண்டாம். முகம் இல்லாத டிக்கெட் வெறும் காகிதம்.

5. சட்டையின் நிறம்

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இத்தாக்கேராவுக்கு நான் போட்டுக்கொண்டு போனது ஒரு சாதாரணப் பருத்திச் சட்டை, பச்சை நிறம். பச்சை, எதிரிக் கிளப்பான பால்மெய்ராஸின் நிறம். மெட்ரோவில் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என் சட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய கறுப்புப் பனியனை எடுத்து நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நிலையத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டேன். அந்தப் பனியனைத் திருப்பி வாங்க அவர் மறுத்துவிட்டார்.

சாம்பல், நீலம், பழுப்பு எதுவும் பிரச்சினையில்லை. கொரிந்தியான்ஸ் ஆட்டத்துக்குப் பச்சை கூடாது. பால்மெய்ராஸ் ஆட்டத்துக்குக் கொரிந்தியான்ஸின் கறுப்பு-வெள்ளைக் கூட்டணி கூடாது. ஐரோப்பியக் கிளப் சட்டைகளையும் வீட்டிலேயே வையுங்கள்.

கையில் குடை வேண்டாம், வாசலில் பிடுங்கிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் மாலையானால் மழை கொட்டும். வெளியே பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்பார்கள், மழை தொடங்குமுன் வாங்கினால் ஒரு விலை, தொடங்கியபின் வேறு விலை.

6. வாசலுக்கு வெளியே சாப்பாடு

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இந்த ஊரில் கால்பந்தின் பாதி ருசி மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான். உள்ளே விற்கும் ஹாட் டாக்கும் பாப்கார்னும் விலை கூட, ருசி குறைவு. சாவோ பாவுலோ மாநிலத்தில் மைதானத்துக்குள் மது விற்கக் கூடாது என்று 1990-களிலிருந்தே தடை. உள்ளே கிடைக்கும் பீரில் போதை இருக்காது. குடிக்கிறவர்கள் வெளியிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள். அதனால் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். நீங்கள் அரைமணி முன்னதாகவே நுழைந்துவிடுங்கள்.

வெளியே ராஜா பெர்நில் சாண்ட்விச்தான். பன்றித் தொடையை மசாலாவில் ஊறவைத்துப் பொறுமையாக வேகவைத்து, தட்டையான இரும்புக்கல்லில் அதன் சாற்றோடு புரட்டிக்கொண்டே இருப்பார்கள். வெங்காயமும் குடைமிளகாயும் அதே கல்லில் வதங்கும். ரொட்டியைப் பிளந்து, கல்லில் ஒரு முறை தேய்த்து, உள்ளே இறைச்சியை அடைத்து, தக்காளி வெங்காயப் புளிக்கலவையை மேலே ஊற்றித் தருவார்கள். நான் கொடுப்பது 25 ரெயால் பக்கம். முழங்கை வரை சாறு வழியும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு எஸ்பெச்சின்யோ, அதாவது கம்பியில் கோத்துச் சுட்டது. கோழி, மாடு, கோழி இதயம், பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. பாலாடைக்கட்டிக் கம்பியைக் 'கெய்ஜோ குவாலியோ' என்று கேளுங்கள். வெளியே பொன்னிறமாகக் கருகி, கடித்தால் பல்லில் கிறீச்சிடும். சுட்டதை மரவள்ளி மாவில் புரட்டித் தருவார்கள். மரவள்ளி நமக்குப் பழகிய கிழங்குதானே, வறுத்த மாவாகத்தான் புதிது.

சைவர்களுக்கு ஒரு தனிப் பத்தி எழுத வேண்டும். இங்கே 'கார்னி' என்றால் மாட்டிறைச்சி மட்டும். "சென் கார்னி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், பளிச்சென்று புன்னகைத்துக் கோழி வைத்துத் தருவார்கள், அல்லது ஹாம் வைத்துத் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, சொல்லின் பொருள் அப்படி. "சோவு வெஜெத்தாரியானு" என்று சொல்லிவிட்டு, "சென் ஃப்ராங்கு, சென் பிரசுந்து, சென் பேக்கன்" என்று கோழி, ஹாம், பன்றிக்கொழுப்பு மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். தட்டில் வரும் சாதாரண அவரைக் குழம்பிலும் பன்றித் துண்டு ஒளிந்திருக்கும். கண்ணீர்த்துளி வடிவில் பொரித்த கொஷின்யாவைப் பார்த்து உருளைக்கிழங்கு போண்டா என்று நினைத்துக் கடித்தேன். உள்ளே முழுக்கக் கோழி. நம்பிச் சாப்பிடக்கூடியவை: அவித்த சோளம், சோளத்தை அரைத்து அதன் தோலிலேயே கட்டி வேகவைத்த பமோன்யா (நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை), பாலாடைக்கட்டி ரொட்டியான பாவுன் ஜி கெய்ஜோ.

பால்மெய்ராஸ் மைதானத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தன்று சுற்றுத் தெருக்களைப் போலீஸ் அடைத்துவிடும், டிக்கெட் உள்ளவர்களை மட்டும்தான் உள்வட்டத்துக்குள் விடுவார்கள். டிக்கெட் இல்லாத நண்பரோடு அங்கே சந்திக்கத் திட்டம் போடாதீர்கள்.

7. காசும் கைப்பேசியும்

தெருக்கடைகள் பிக்ஸ் என்ற உடனடிப் பணமாற்றத்தில் ஓடுகின்றன. நம் யுபிஐ மாதிரிதான், ஆனால் இந்நாட்டு வங்கிக் கணக்கு இல்லாமல் பெரும்பாலும் செய்ய முடியாது. எனவே 10, 20 ரெயால் நோட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள். அட்டை எடுப்பவர்கள் "கிரெஜிட்டு ஓவு டெபிட்டு?" என்பார்கள். வெளிநாட்டு அட்டைக்கு "கிரெஜிட்டு" என்று சொன்னால் பெரும்பாலும் வேலை செய்யும். இயந்திரத்தின் திரையில் தொகையைப் படிக்காமல் அட்டையைத் தட்டாதீர்கள். திரை உடைந்திருக்கிறது, மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் ரொக்கம் கொடுங்கள், அல்லது நகர்ந்துவிடுங்கள். 25 என்பது 2,500 ஆக மாறும் வித்தை அந்த உடைந்த திரையில்தான் நடக்கும்.

கைப்பேசியைத் தெருவோரமாக நின்று நோண்டாதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவது இந்த ஊரில் அன்றாடம். வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். முகப்பதிவால் ஒரு நன்மை, வாசலில் கைப்பேசியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

8. திரும்பி வருதல்

புதன்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் ராத்திரி 9:30-க்குத் தொடங்கும். முடியும்போது 11:25, சில நாள் 11:30. மெட்ரோ நள்ளிரவோடு நிற்கும், சனிக்கிழமை மட்டும் ஒரு மணி வரை. இத்தாக்கேராவில் மைதானமும் நிலையமும் அருகருகே என்பதால் சமாளிக்கலாம். மொரும்பியில் 20 நிமிடம் நடந்து, பல ஆயிரம் பேரோடு வரிசையில் நின்று, நடுவழியில் தடம் மாறவும் வேண்டியிருந்தால் நிலைமை கஷ்டம். அதனால் போகும்போதே திரும்புவதற்கான மெட்ரோச் சீட்டையும் வாங்கிவிடுங்கள். ஒரு சீட்டு 5 ரெயாலுக்குச் சற்று மேல். வண்டி அழைக்க வேண்டுமென்றால் மைதானத்தை விட்டு ஐந்தாறு தெரு தள்ளி, வெளிச்சமான கடைவாசலில் நின்று அழையுங்கள். விலையும் இறங்கும், ஓட்டுநரும் வந்து சேர்வார்.

ஞாயிறு மாலை 4 மணி ஆட்டமென்றால் இந்தத் தலைவலி எதுவுமில்லை. தேர்ந்தெடுக்க முடிந்தால் ஞாயிறு.

9. டிக்கெட் கிடைக்காவிட்டால் பொட்டேக்கோ

மூலைக்கு மூலை இருக்கும் சாராயக்கடை-உணவகம்தான் பொட்டேக்கோ. பெரிய ஆட்டத்தன்று நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்த தொலைக்காட்சி, 600 மில்லி பீர் புட்டி ஒன்றை நான்கு பேர் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளையில் பகிர்ந்து குடிப்பார்கள். குடிக்காதவர்களை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை, குவாரனா என்ற குளிர்பானம் கேளுங்கள். பில்லில் 10 சதவீதம் சேவைக்கட்டணம் இருக்கும். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

கொமாண்டா என்று ஒரு அட்டை தருவார்கள். நீங்கள் சாப்பிடுவதெல்லாம் அதில்தான் ஏறும், வெளியேறும்போது அதைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். தொலைத்தால் பெரிய தொகை அபராதம் கேட்பார்கள். அப்படிக் கேட்பது நுகர்வோர் சட்டப்படி செல்லாதுதான், ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு வாசல்காவலரிடம் சட்டம் பேச உங்கள் போர்த்துகீசியம் போதுமா என்று யோசியுங்கள். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் போட்டுவிடுங்கள்.

10. ஆட்டமில்லாத நாள்

மதியச் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் கிழமைக்கணக்கு உண்டு. திங்கள் 'விராடு': பிசைந்த அவரை, கீரை, முட்டை, பன்றி விலா. புதனும் சனியும் ஃபெய்ஜோவாடா என்ற கறுப்பு அவரைப் பன்றிக்குழம்பு, சோறு, பொடியாக நறுக்கி வதக்கிய கீரை, ஆரஞ்சுத் துண்டு. வியாழன் பாஸ்தா, வெள்ளி மீன். 'பிராட்டு ஃபெய்ட்டு' என்று கேட்டால் சோறு, அவரை, ஒரு கறி, கொஞ்சம் சாலட் என்று முழுத்தட்டு 30 ரெயாலை ஒட்டி வரும். சைவர்களுக்கு எடை போட்டு விற்கும் உணவகங்களே சொர்க்கம்: கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், ஒரு தட்டு 400 கிராம் வந்தால் 35 ரெயால் ஆகும். ஃபெய்ஜோவாடா சாப்பிட்ட புதன்கிழமை ராத்திரி ஆட்டத்துக்குப் போகாதீர்கள், முதல் பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள். சொந்த அனுபவம்.

பக்கயெம்பு மைதானத்துக்குள் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இலவசம், திங்கள் விடுமுறை. கிளினிக்காஸ் மெட்ரோவில் இறங்கிச் சரிவில் கால் மணி நேரம் நடந்தால் போதும். அதற்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் வாரத்தில் சில நாள் காலைச் சந்தை கூடும். சந்தை என்றால் பஸ்தெல். மெல்லிய மாவை உள்ளங்கையைவிடப் பெரிதாக மடித்து, கொதிக்கும் எண்ணெயில் போட்ட மறுநொடி அது பலூனாக உப்பும். நடுவில் கடிக்காதீர்கள். உள்ளிருக்கும் ஆவி மூக்கைச் சுட்டுவிடும். ஒரு மூலையை மட்டும் கடித்து ஆவியை வெளியேற்றி, அந்தத் துளை வழியாகத் தக்காளிக் கலவையைக் கரண்டியால் விட்டு, பிறகு தொடருங்கள். கெய்ஜோ என்று கேட்டால் பாலாடைக்கட்டி மட்டும். கூடவே கால்டோ ஜி கானா. நம் கரும்புச்சாறேதான், எலுமிச்சையோ அன்னாசியோ சேர்த்துப் பிழிவார்கள். குவளை பாதியானதும் "ஷோரின்யு?" என்று கேளுங்கள், மீண்டும் கொஞ்சம் ஊற்றுவார்கள். கொசுறு என்பதற்கு அவர்கள் சொல் அது.

சந்தைகளில் பழக்கடைக்காரர் துண்டு வெட்டி வாயருகே நீட்டினால் சாப்பிடலாம். ஆனால் விலையைக் கிலோவுக்கா நூறு கிராமுக்கா என்று கேட்டு, தராசில் வைத்துப் பார்க்கும் வரை "சரி" என்று சொல்லாதீர்கள். ஒரு சந்தையில் நான்கு பழத்துக்கு என்னிடம் 180 ரெயால் கேட்டார்கள்.

11. முதல் வாரத்துக்கு என் திட்டம்

ஜுவென்டுஸ் தன் மைதானத்தில் ஆடும் நாளைப் பாருங்கள், பெரும்பாலும் வார இறுதிப் பகல். காலையில் சந்தையில் பஸ்தெல். பிறகு புறநகர் ரயிலில் ஜுவென்டுஸ்-மோக்கா நிலையம், அல்லது மெட்ரோவில் பிரெஸ்ஸர்-மோக்கா. இரண்டிலிருந்தும் நடக்கும் தூரம்தான். ஒரு மணி நேரம் முன்னால் போய், வேலியோரம் இடம் பிடியுங்கள்.

அங்கே கன்னோலி விற்பார்கள். மொறுமொறுப்பான குழலுக்குள் கிரீம் அடைத்த இத்தாலிய இனிப்பு. கிரீம் ஒரு வகை, சாக்லேட் ஒரு வகை. இடைவேளை விசில் ஊதியதும் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் வரிசை வேலி வரைக்கும் நீண்டிருக்கும், சாக்லேட் தீர்ந்திருக்கும். 40-ஆவது நிமிடம் எழுந்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழுந்தால் நான் பொறுப்பில்லை. எனக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது.